வைரஸ் போன பிறகும் தசை வீக்கம் ஏன் நிக்கல? எலி மாடல் டவுட்

எலிவால்:
தசையைத் தாக்குற காக்ஸாக்கி பி1 வைரஸ், அதுல டூசான் ஸ்ட்ரெய்ன்ங்கிற வகை பத்தி படிச்சிட்டிருக்கேன். பிறந்து ஓரிரு நாளான எலிக்குட்டிக்கு ஊசி போட்டா பின்னங்கால் வலுவிழந்து போகுது, சரி, ஆனா ரெண்டு வாரத்துக்கப்புறம் தசையில உயிருள்ள வைரஸே எடுக்க முடியலன்றாங்க, வீக்கமும் பலவீனமும் மட்டும் மாசக்கணக்குல நீடிக்குதாம். வைரஸே இல்லன்னா எதை எதிர்த்து சண்டை நடக்குது?

லேப்கோட்டு:
நியூட் எலின்னு முடியில்லாத ஆய்வக எலி வகை இருக்கு, அதைப் பாருங்க. அதுக்கு தைமஸ் சுரப்பி கிடையாது, அதனால அங்க முதிர வேண்டிய டி செல் (நோய் எதிர்ப்பு செல்) வளராது. அதுக்கும் முதல்ல மத்த எலி மாதிரியே நோய் வருது, ஆனா அந்த நாள்பட்ட வீக்கம் வரல. அப்போ ஆரம்ப சேதம் வைரஸோட வேலை, பின்னாடி இழுத்துட்டுப் போறது டி செல்னு தோணுது. தசைக்குள்ள வைரஸோட மரபுப் பொருளான ஆர்என்ஏ மட்டும் தங்கியிருக்குன்னும் காட்டியிருக்காங்க, இரட்டை இழையா இருந்தா சீக்கிரம் சிதையாது. அது வீக்கத்துக்குக் காரணமா வெறும் மிச்சமாங்கிறதுதான் விவாதமே.

மழைக்கோழி:
எல்லா வைரஸும் ஒரே ரூட்ல போகாதுங்க!! ராஸ் ரிவர் வைரஸ் எலியில மேக்ரோஃபேஜை (கிருமியை விழுங்குற எதிர்ப்பு செல்) முன்கூட்டியே காலி பண்ணிட்டா தசை சேதம் நல்லாவே குறையுது. அது சிக்குன்குனியாவோட சொந்தக்கார வைரஸ், 2006ல சிக்குன்குனியா வந்து படுத்தவங்களுக்கு அந்த உடம்பு வலி தெரியும்.

எலிவால்:
நன்றி ரெண்டு பேருக்கும். அப்போ மனுஷங்களுக்கு வர்ற பாலிமயோசைடிஸுக்கும் (நாள்பட்ட தசை வீக்க நோய்) இதே கதையா?

லேப்கோட்டு:
அவசரப்படாதீங்க. நோயாளிகளோட தசை பயாப்ஸில (வெட்டி எடுத்த சின்ன தசைத் துண்டு) பிசிஆர்ங்கிற மரபுப் பொருள் சோதனை வச்சுத் தேடினப்போ பெரும்பாலும் வைரஸ் ஆர்என்ஏ கிடைக்கல. எலிக்குட்டிய வச்சு மனுஷனுக்குத் தீர்ப்பு எழுத முடியாது.