இரும்புச் சட்டியில் ஒரே பெரிய குக்கீ: எப்போது வெளியே எடுப்பது?

10 அங்குல வார்ப்பிரும்புச் சட்டிக்கு அளவு: வெண்ணெய் 115 கிராம், பிரவுன் சுகர் 150, வெள்ளைச் சர்க்கரை 50, ஒரு முட்டை, கூடவே ஒரு மஞ்சள் கரு, வெனிலா ஒரு டீஸ்பூன், மைதா 190, சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், சாக்லேட் துண்டுகள் 170 கிராம்.

வெண்ணெயை உருக்கி, விரல் வைத்தால் சுடாத பதத்துக்கு ஆறவிடணும். சூட்டோடு முட்டையை ஊற்றினால் திரிதிரியாகிடும், சாக்லேட்டும் இளகி மாவு முழுக்கக் கருத்துப்போகும். மைதா போட்டு, வெள்ளை மறைந்ததும் கரண்டியை நிறுத்திடுங்க.

மாவைச் சட்டியில் பரப்பி, ஓவனில் 175 டிகிரி செல்சியஸ், 20-லிருந்து 25 நிமிஷம். குச்சி குத்திப் பார்க்கிற கேக் கணக்கு இங்கே செல்லாது. வெளியே எடுத்த பிறகும் 10 நிமிஷத்துக்கு இரும்பு தன் சூட்டில் வேகவைத்துக்கொண்டே இருக்கும். குச்சி சுத்தமாக வரும்வரை விட்டால், ஆறியதும் ஓரம் வறட்டி மாதிரி. ஓரம் இரண்டு விரல் அகலத்துக்குப் பொன்னிறமாகி, சட்டியை ஆட்டினால் நடுவில் உள்ளங்கை அளவு மட்டும் லேசாக அசையணும். மேல்பக்கம் மங்கலாக இருக்கணும். ஈரப் பளபளப்பு இருந்தால் அது பச்சை மாவு. இன்னும் 3 நிமிஷம் விடுங்க.

*

ஓடிஜி (மேசைமேல் வைக்கிற சின்ன மின்சார ஓவன்) வைத்திருக்கிறவங்க சட்டி வாங்கும்போது கைப்பிடியையும் சேர்த்து அளந்துடுங்க. 10 அங்குலச் சட்டி கைப்பிடியோடு 15, 16 அங்குலம் வரும், கதவு மூடாது. இரண்டு பக்கமும் குட்டிக் காது வைத்த சட்டிதான் இதுக்கு வசதி. சின்ன ஓடிஜியில் மேல் கம்பி ரொம்பக் கிட்ட இருக்கும். அதனால் கீழ்த் தட்டில் வைத்து, 15-ஆவது நிமிஷம் அலுமினியத் தாள் போட்டு மூடுங்க.

8 அங்குலச் சட்டி என்றால் மேலே சொன்ன மாவில் மூன்றில் இரண்டு பங்கு போதும். முழு மாவையும் அடைத்தால் கனம் ஒன்றரை மடங்காகும். நடு வேகறதுக்குள்ள ஓரம் கருகிடும்.

*

பிரவுன் சுகருக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை அதே எடைக்குப் போடலாம், ஆனால் கட்டாயம் சலிக்கணும். கட்டி கிடந்தால் அந்த இடமெல்லாம் கருப்புப் புள்ளி, கசப்பு. சோடாவுக்குப் பதிலா பேக்கிங் பவுடர் போட்டால் நிறம் வெளுத்து, கேக் மாதிரி உப்பும்.

இன்னொன்று, மீன் பொரித்த சட்டி வேண்டவே வேண்டாம். வெண்ணெய் அந்த வாடையை அப்படியே இழுத்துக்கும்.

*

மிச்சத்தை ராத்திரி சட்டியிலேயே விடாதீங்க, இரும்பு வாடை ஏறும். ஒட்டின சர்க்கரைக்கு வெந்நீர் ஊற்றி 5 நிமிஷம் விட்டால் தானே கரையும். தேய்த்துக் கழுவி, அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, சூடு இருக்கும்போதே எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடை.