வாட் வரி அமைச்சர் சொன்னதுமே அமலுக்கு வந்துவிடுமா? அப்படியானால் நாடாளுமன்றம் எதற்கு?

மசாலாக்கடை_சாட்ஸ்வர்த்

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் சின்னதாக ஒரு மசாலா, மளிகைக் கடை நடத்துகிறேன். 2025 மார்ச், ஏப்ரலில் வாட் வரி விஷயத்தில் நடந்தது எனக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை. இங்கே கணக்கும் சட்டமும் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

மார்ச் 12ஆம் தேதி நிதியமைச்சர் ஈனோக் கோடோங்வானா எழுந்து, மே 1 முதல் வரி 15 சதவீதத்திலிருந்து 15.5 ஆகும், அடுத்த ஏப்ரலில் 16 ஆகும் என்று அறிவித்தார். என் கடையில் வரி உள்ளதும் இல்லாததும் கலந்தே இருக்கும். பழுப்பு ரொட்டி, அரிசி, பருப்பு, முட்டை, சமையல் எண்ணெய் இதற்கெல்லாம் வரி பூஜ்யம். அதே அலமாரியில் இருக்கும் வெள்ளை ரொட்டிக்கு உண்டு, தேயிலைக்கு உண்டு, சோப்புக்கு உண்டு, நான் அரைத்துப் பாக்கெட் போடுகிற மசாலாவுக்கும் உண்டு. ஒவ்வொரு பொருளாகப் பார்த்து பில் மெஷினில் விலை மாற்ற ஆளைக் கூப்பிட்டு, காசு கொடுத்து, விலைச் சீட்டு புதிதாக அடித்து முடித்தேன். ஏப்ரல் 24 அன்று உயர்வு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். திரும்ப அதே ஆள், திரும்பவும் காசு.

என் கேள்வி இதுதான். வரி போடும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தான் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். அப்படியிருக்க, சட்டமே நிறைவேறாதபோது நான் எதற்காக மே 1க்குத் தயாராக வேண்டியிருந்தது? ஏப்ரல் 2 அன்று 194 பேர் ஆதரவாகவும் 182 பேர் எதிராகவும் வாக்களித்தார்களே, அவர்கள் எதற்கு வாக்களித்தார்கள்? வசூலித்த பணம் செலவானபின் அதைக் கேட்பது யார்? என்னைப் போன்ற ஒரு கடைக்காரன் இதில் எங்கே வாய் திறக்க முடியும்?

---

லெனேசியா_கணக்கர்

தம்பி, நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வாட் சட்டத்தில் 7(4) என்று ஒரு பிரிவு இருக்கிறது. நிதியமைச்சர் பட்ஜெட் உரையில் வரி விகிதத்தை மாற்றுவதாக அறிவித்தால், அவர் சொன்ன தேதியிலிருந்தே அது அமலுக்கு வரும். பிறகு 12 மாதத்துக்குள் நாடாளுமன்றம் அதற்கான சட்டத்தை நிறைவேற்ற வேண்டும். உங்கள் பில் மெஷினை மாற்ற வைத்தது இந்தப் பிரிவுதான். 2018 ஏப்ரல் 1 அன்று 14 சதவீதம் 15 ஆனதே, அதுவும் இப்படித்தான் பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவித்து ஏப்ரலில் வசூலிக்கத் தொடங்கினார்கள். அப்போது ஆளுங்கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை இருந்தது, பின்னால் சட்டம் நிறைவேறும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அதனால் இந்தப் பிரிவைப் பற்றி யாரும் பேசவில்லை. 2025இல்தான் இதன் ஆபத்து எல்லோருக்கும் தெரிந்தது. ஜனநாயகக் கூட்டணிக் கட்சி, அதாவது டிஏ, இந்தப் பிரிவே அரசியலமைப்புக்கு முரண் என்று வழக்குப் போட்டது. என் கருத்தும் அதுதான். ஏழை வீட்டுச் சாப்பாட்டுச் செலவு வரை தொடுகிற ஒரு வரியை ஒரே ஒருவரின் அறிவிப்பால் தொடங்கவிடக் கூடாது.

சரி, அந்த 194 பேர் விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் வாக்களித்தது வாட் சட்டத்துக்கு அல்ல, நிதிக் கட்டமைப்புக்கு. மொத்தம் எவ்வளவு வருமானம் வரும், எவ்வளவு செலவழிப்போம், எவ்வளவு கடன் வாங்குவோம் என்ற பெரிய சட்டகம் அது. பட்ஜெட் வந்த 16 நாளுக்குள், இல்லையென்றால் அதன்பின் முடிந்தவரை விரைவில், இரு அவைகளின் நிதிக் குழுக்களும் பொது விசாரணை நடத்தி அறிக்கை கொடுக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் பண மசோதா திருத்த நடைமுறைச் சட்டம் சொல்கிறது. அது முடிந்தபின் மாகாணங்களுக்கும் நகராட்சிகளுக்கும் பங்கு பிரிக்கும் மசோதா வரும், கடைசியில் ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்கும் மசோதா வரும். அது நிறைவேற ஜூலை ஆகிவிடும். நிதியாண்டு ஏப்ரல் 1லேயே தொடங்கிவிடுகிறதே, நடுவில் ஆஸ்பத்திரி எப்படி ஓடும் என்று கேட்பீர்கள். முந்தைய ஆண்டு ஒதுக்கீட்டில் 45 சதவீதம் வரை முதல் நான்கு மாதத்தில் செலவழிக்கப் பொது நிதி மேலாண்மைச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இதில் முக்கியமானது அந்த முதல் கட்டம். கட்டமைப்பில் மொத்தத் தொகை முடிவாகிவிட்டால், பிறகு ஒரு துறைக்குக் கூட்ட வேண்டுமென்றால் இன்னொரு துறையில் வெட்டித்தான் ஆக வேண்டும். 2025 பட்ஜெட் கணக்குப்படி, கடனுக்கான வட்டிக்கு மட்டும் ஒவ்வொரு ராண்ட் வருவாயிலும் ஏறக்குறைய 22 சென்ட் போய்விடுகிறது, அதில் யாரும் கை வைக்க முடியாது. 2009 சட்டம் வந்தபின் பட்ஜெட்டைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு முழுதாக இருக்கிறது. ஆனால் அந்த அதிகாரத்தை வைத்துப் பெரிய மாற்றம் எதையும் அவர்கள் செய்ததில்லை, பெரும்பான்மைக் கட்சி தன் அமைச்சரின் பட்ஜெட்டைத் தானே ஏன் திருத்தப்போகிறது?

---

விட்ஸ்_சட்ட_மாணவி

கணக்கர் ஐயா சொன்னது எல்லாம் சரி, நீதிமன்றப் பகுதியை மட்டும் சேர்க்கிறேன்.

ஏப்ரல் 2 வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் நிதிக் குழு கொடுத்த அறிக்கை வினோதமானது. கட்டமைப்பை ஏற்றுக்கொள்கிறோம், ஆனால் வாட் உயர்வுக்குப் பதிலாக வேறு வழி என்ன என்று கருவூலம், அதாவது நிதியமைச்சகம், 30 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று அதில் பரிந்துரை இருந்தது. ஏற்றுக்கொண்டதா, திருத்தியதா? சட்டப்படி இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும். திருத்துவதென்றால் அதற்கென்று தனி நடைமுறை இருக்கிறது. டிஏவும் எதிர்க்கட்சியான ஈஎஃப்எஃப்பும் இதை எடுத்துக்கொண்டு மேற்கு கேப் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அமைச்சர் ஏப்ரல் 24இல் பின்வாங்கினார், 27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீதிமன்றம் வாட் அறிவிப்பை நிறுத்திவைத்து, கட்டமைப்பை ஏற்ற இரு அவைகளின் தீர்மானங்களையும் ரத்து செய்தது. மே 21 அன்று மூன்றாவது முறையாக பட்ஜெட் வந்தது, வாட் 15லேயே நின்றது.

ஆனால் நீதிமன்றம் காப்பாற்றியது என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். 2024 தேர்தலில், அதுவரை தனியாக ஆண்ட ஏஎன்சிக்கு (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) 400 இடத்தில் 159 மட்டுமே கிடைத்தது. அதனால்தான் பிப்ரவரி 19 அன்று வரவேண்டிய பட்ஜெட்டே தள்ளிப்போனது, 1994க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. அன்று கருவூலம் கேட்டது 2 சதவீதப் புள்ளி உயர்வு, அதாவது 17. கூட்டணி அமைச்சரவைக்குள்ளேயே ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அரசாங்கத்தில் இருந்துகொண்டே டிஏ எதிர்த்து வாக்களித்தது. இதற்கு முந்தைய முப்பது வருடத்தில் நாடாளுமன்றம் நிதி விஷயத்தில் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை. அண்ணா, உங்கள் பில் மெஷினுக்கு இரண்டு முறை காசு போனது எனக்கும் வருத்தம்தான், ஆனால் அந்த இழுபறி நடந்திருக்காவிட்டால் உங்கள் வாடிக்கையாளர்கள் இப்போது கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு இழப்பும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. மார்ச் பட்ஜெட்டில் வரி உயர்வுக்கு ஈடாக, ஆட்டு, கோழி உள்ளுறுப்பு இறைச்சி, டப்பா காய்கறி போன்றவற்றையும் பூஜ்ய வரிப் பட்டியலில் சேர்ப்பதாக இருந்தது. உயர்வு போனதும் அதுவும் போய்விட்டது.

---

தோங்காட்_அக்கா

மூன்று பேரும் வரியைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பியின் மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பெரிய கேள்வி.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஊர் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் அடித்துக்கொண்டு போய்விட்டது, பல மாதம் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. லாரி வரும் சத்தம் கேட்டதும் வாளி, ட்ரம், பழைய பெயின்ட் டப்பா என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம், வயதானவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பிடித்துக் கொடுப்பார்கள். நிவாரணத்துக்குப் பணம் ஒதுக்கியாயிற்று என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பணத்தைச் செலவாகிக்கொண்டிருக்கும்போதே தலைமைத் தணிக்கையாளர் ட்சகானி மலுலேகேயின் அலுவலகம் தணிக்கை செய்தது. வழக்கமாக வருடம் முடிந்து, கணக்கு முடித்து, அறிக்கை வந்து, அதற்குள் எல்லாம் ஆறிப்போயிருக்கும். அப்போதைக்கப்போதே பார்த்ததால் எங்கே தாமதம், எங்கே வேலை சரியில்லை என்று ஆகஸ்டிலேயே சொல்ல முடிந்தது. இந்த முறையை எல்லாப் பெரிய செலவுக்கும் கொண்டுவர வேண்டும் என்று நான் எங்கே போனாலும் சொல்கிறேன்.

தணிக்கை அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போனால் அதை எடுத்து விசாரிப்பது ஸ்கோபா என்கிற பொதுக் கணக்குக் குழு. துறைச் செயலாளரை, அரசு நிறுவனத் தலைவரை நேரில் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பார்கள். ஆளுங்கட்சி அல்லாதவர்தான் தலைவர் என்பது வழக்கம். இப்போது ரைஸ் ம்சான்சி என்ற சிறு கட்சியின் சொங்கெசோ சிபி இருக்கிறார். அவர் கட்சியும் தேசிய ஒற்றுமை அரசு என்கிற இந்தக் கூட்டணி அரசில் சேர்ந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம், ஆனாலும் மனிதர் கேட்கிற கேள்விகள் கூர்மையாகத்தான் இருக்கின்றன.

குழு இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1999 ஆயுத ஒப்பந்தத்தை ஸ்கோபா தோண்டப் போனபோது, அதில் இருந்த ஏஎன்சி உறுப்பினர் ஆண்ட்ரூ ஃபைன்ஸ்டீனைச் சொந்தக் கட்சியே ஓரங்கட்டியது, 2001இல் அவர் நாடாளுமன்றத்தை விட்டே போனார். அன்றைய ஜனாதிபதி ஜேக்கப் ஜுமாவின் நகாண்ட்லா வீட்டுக்குச் சுமார் 246 மில்லியன் ராண்ட் அரசுப் பணம் செலவானபோது தேசிய அவை தன் கடமையைச் செய்யவில்லை என்று 2016 மார்ச் 31 அன்று அரசியலமைப்பு நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. ஜுமா காலத்து ஊழலை விசாரித்த சோண்டோ கமிஷனும் அரசைக் கொள்ளையடித்த அந்தக் காலத்தில் நாடாளுமன்றக் கண்காணிப்பு தவறியதைத் தனியாக எடுத்து எழுதியது.

---

லெனேசியா_கணக்கர்

அக்கா, முழுதும் ஒத்துக்கொள்கிறேன். ஒரு விஷயம் சேர்க்கலாம். 2019 ஏப்ரல் முதல் தலைமைத் தணிக்கையாளருக்குப் புது அதிகாரம் வந்திருக்கிறது. பெரிய முறைகேடு என்று கண்டால் திருத்தச் சொல்லி உத்தரவு போடலாம், கேட்காவிட்டால் பொறுப்பான அதிகாரியிடமே நஷ்டத்தை வசூலிக்கும் சான்றிதழ் வரை போகலாம். முன்பு அறிக்கை எழுதுவதோடு சரி.

அப்புறம் செய்தியில் 'ஒழுங்கற்ற செலவு' இத்தனை பில்லியன் என்று வரும்போது எல்லாமே திருடுபோன பணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டெண்டர் விதியைப் பின்பற்றாமல் வாங்கியிருந்தாலும் அந்தக் கணக்கில் வரும், பொருள் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கலாம். எந்தப் பயனும் இல்லாமல் போன பணம், உதாரணமாக பில் கட்டத் தாமதித்ததற்கு வட்டி கட்டியது, அது வீண் செலவு என்று தனியாக வரும். நான் அறிக்கையைத் திறந்தால் முதலில் அந்த இரண்டாவதைத்தான் பார்ப்பேன்.

---

மசாலாக்கடை_சாட்ஸ்வர்த்

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்ன தண்ணீர் விஷயம் எங்கள் உறவுக்காரர்களும் அங்கே பட்டதுதான். கடைசிக் கேள்வி இன்னும் நிற்கிறது. நான் எங்கே பேசுவது? வாட் போனதும் ஜூன் 4 முதல் பெட்ரோல் லெவி லிட்டருக்கு 16 சென்ட், டீசலுக்கு 15 சென்ட் ஏற்றிவிட்டார்கள், எனக்குச் சரக்கு கொண்டுவரும் வேன்காரர் உடனே கூலியைக் கூட்டினார். இதையெல்லாம் கேப் டவுன் வரை போய்ச் சொல்ல என்னால் முடியாது.

---

விட்ஸ்_சட்ட_மாணவி

போக வேண்டாம் அண்ணா. பட்ஜெட் வந்த உடனே நிதிக் குழுக்கள் கருத்துக் கேட்டு அறிவிப்பு போடும், மின்னஞ்சலில் எழுதி அனுப்பலாம், நேரில் பேச விரும்புகிறேன் என்று குறிப்பிட்டால் ஆன்லைனிலேயே பேச இடம் கொடுப்பதும் உண்டு. நேரம் ரொம்பக் குறைவு, சில நாள்தான், அதனால் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கொசாட்டு என்கிற தொழிற்சங்கக் கூட்டமைப்பு, பட்ஜெட் ஜஸ்டிஸ் கோயலிஷன் என்கிற சமூக அமைப்புகளின் கூட்டணி போன்றவர்கள் ஒவ்வொரு வருடமும் போகிறார்கள். சின்னக் கடைக்காரர்களின் குரல் அங்கே அபூர்வம், ஒரு வரி மாற்றத்துக்குக் கடைக்கு ஆகும் செலவு எவ்வளவு என்று ரசீதோடு நீங்கள் எழுதினால் அது அவர்களிடம் இல்லாத தகவல். அக்டோபர், நவம்பர் வாக்கில் இடைக்கால பட்ஜெட் அறிக்கை வரும், அடுத்த வருடத்துக்கான யோசனையெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். எழுத அதுதான் நல்ல நேரம். குழுக் கூட்டங்களில் யார் என்ன பேசினார்கள் என்பதைப் பார்லிமெண்டரி மானிட்டரிங் குரூப் தளத்தில் படிக்கலாம், துறைவாரிச் செலவுக் கணக்கு வுலேகமலி தளத்தில் இருக்கிறது.

---

தோங்காட்_அக்கா

நகராட்சியை விட்டுவிடாதீர்கள் தம்பி. அவர்களுடைய வருடம் ஜூலை 1இல் தொடங்குகிறது, வரைவு பட்ஜெட் மார்ச் கடைசிக்குள் வெளியே வந்தாக வேண்டும், ஏப்ரல், மே மாதங்களில் வார்டு கூட்டம் நடக்கும். தண்ணீர் கட்டணம், மின் கட்டணம், வீட்டு வரி எல்லாம் அங்கேதான் முடிவாகிறது. 2022-23இல் நாட்டிலுள்ள 257 நகராட்சிகளில் 34க்குத்தான் சுத்தமான தணிக்கை அறிக்கை கிடைத்தது. 2021 முதல் ஒவ்வொரு நகராட்சிக்கும் தனிப் பொதுக் கணக்குக் குழு இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. உங்கள் வார்டு கவுன்சிலரைப் பிடித்து அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது, என்ன முடிவெடுத்தது என்று கேளுங்கள். நாங்கள் இங்கே கோயில் மண்டபத்தில் நாலைந்து பெண்கள் சேர்ந்து வரைவு பட்ஜெட்டில் தண்ணீர்ப் பக்கத்தை மட்டும் எடுத்து வாசித்தோம். குழாய் பராமரிப்புக்கு என்ன ஒதுக்கியிருக்கிறார்கள், போன வருடம் ஒதுக்கியதில் எவ்வளவு செலவாகாமல் நின்றது என்று இரண்டு கேள்வி எழுதிக் கூட்டத்தில் கொடுத்தோம். எழுத்தில் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். சாட்ஸ்வர்த்தில் நாலு பேர் சேர்ந்தால் சொல்லுங்கள், நான் பஸ் ஏறி வருகிறேன்.