கொல்கத்தா தேசிய நூலகத்தில் பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தேடுவது எப்படி?

அடுப்படி:
அடுத்த மாதம் வேலை விஷயமாகக் கொல்கத்தா போகிறேன், நடுவில் இரண்டு நாள் ஓய்வு கிடைக்கும். 1900க்கும் 1940க்கும் இடையில் அச்சான தமிழ்ச் சமையல் நூல்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். அலிப்பூரில் இருக்கும் தேசிய நூலகத்தில் தமிழுக்குத் தனிப் பிரிவே உண்டாமே. நேரே போய் அலமாரி அலமாரியாகப் பார்க்க விடுவார்களா, இல்லை எல்லாம் இணையத்திலேயே கிடைத்துவிடுமா?

சீட்டுக்காரர்:
அலமாரிப் பக்கமே விடமாட்டார்கள். அட்டவணையில் பார்த்து, அழைப்பு எண்ணோடு (நூல் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டும் எண்) சீட்டு எழுதிக் கொடுத்தால் உள்ளிருந்து எடுத்து வருவார்கள், வாசக அறையில் உட்கார்ந்து படிக்கலாம். அதனால் அங்கே போய்த்தான் தேட ஆரம்பிப்பது என்றால் இரண்டு நாள் சீட்டு எழுதுவதிலேயே போய்விடும். வீட்டிலிருந்தே இணைய அட்டவணையைத் துழாவி எண்களைக் குறித்துக்கொண்டு போங்கள். ஒரு தொல்லை, தமிழ்த் தலைப்புகள் ரோமன் எழுத்தில் ஏறியிருந்தால் ழகரம் ஓரிடத்தில் எல், இன்னோரிடத்தில் இசட் ஹெச் என்று இருக்கும், நெடில் குறில் கதையும் அப்படியே. நான்கைந்து விதமாக அடித்துப் பார்க்காமல் 'இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள். அப்புறம், படங்களில் வரும் பெல்வெடியர் மாளிகையை, அதாவது நூலகத்தின் பழைய கட்டடத்தை, தேடிப் போகாதீர்கள். வாசக அறை அதே வளாகத்தில் பாஷா பவனில் இருக்கிறது.

மூன்றாம்பதிப்பு:
'தேசிய' என்ற பெயரைப் பார்த்து எல்லாத் தமிழ்ப் புத்தகமும் அங்கே இருக்கும் என்று நம்ப வேண்டாம். பதிப்பாளர்கள் இந்த நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்பியே ஆக வேண்டும் என்ற சட்டம் வந்தது 1954இல்தான், உங்கள் காலம் அதற்கு முந்தையது. அங்குள்ள பழைய தமிழ் நூல்களில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் பேராசிரியர் வையாபுரிப் பிள்ளையின் சொந்த நூலகமும் சேர்த்தி, ஆனால் அகராதிக்காரரின் சேகரிப்பில் வடகம், வற்றல் எவ்வளவு இருக்கும் என்பது சந்தேகம்தான். உங்களுக்கு உண்மையில் உதவப்போவது 1867ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்படி மதராஸ் அரசு மூன்று மாதத்துக்கொரு முறை வெளியிட்ட நூல் பட்டியல்கள். தலைப்பு, ஆசிரியர், அச்சகம், பக்கங்கள், விலை, எத்தனை பிரதி அச்சடித்தார்கள் என்பது வரை இருக்கும். புத்தகமே கிடைக்காவிட்டாலும் அது அச்சானதற்குச் சாட்சி கிடைக்கும்.

அடுப்படி:
பிரதி எண்ணிக்கை கூடவா! இது தெரியாமல் இருந்தேன், நன்றி. தேசிய மின்னூலகம் என்று ஒன்று இருக்கிறதே, அது இதே நூலகத்தின் இணைய வடிவமா?

தாள்பூச்சி:
இல்லை, அது காரக்பூர் ஐஐடி நடத்துவது, பல நிறுவனங்களின் தொகுப்புகளை ஒரே இடத்தில் தேட வைக்கும் தளம். கொல்கத்தா நூலகத்தின் அரிய நூல்கள் சில 'இந்தியன் கல்ச்சர்' அரசுத் தளத்தில் இருக்கின்றன. தமிழுக்கு நான் முதலில் போவது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்குத்தான். அங்கே ஒரு சமையல் புத்தகம் அகப்பட்டால் கடைசிப் பக்கங்களை விடாதீர்கள். 'எங்களிடம் கிடைக்கும் இதர நூல்கள்' என்று பதிப்பாளர் போட்டிருக்கும் விளம்பரம்தான் அடுத்த தேடலுக்குச் சரக்கு. வருடிய (ஸ்கேன் செய்த) பக்கங்கள் பலவும் வெறும் படங்கள்தான், உள்ளே சொல் தேட முடியாது, புரட்டித்தான் ஆக வேண்டும். 1930இல் வந்த நூல் என்றாலே காப்புரிமை போய்விட்டது என்றும் இல்லை, ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கணக்கு, 1970இல் இறந்திருந்தால் 2030 முடியும் வரை காத்திருக்க வேண்டும். சென்னையில் இருப்பவர் என்றால் கன்னிமாராவையும் ரோஜா முத்தையா நூலகத்தையும் முடித்துவிட்டு, அங்கே இல்லாததை மட்டும் கொல்கத்தாவுக்கு ஒதுக்குங்கள்.

சீட்டுக்காரர்:
இதோடு ஒன்று. கொல்கத்தாவில் பார்க்க நீங்கள் குறித்துவைத்த நூல்களின் பட்டியலைத் தமிழ்ப் பிரிவுக்கு முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பி, எது கொடுக்கும் நிலையில் இருக்கிறது, எது தொட்டால் உடையும் நிலையில் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். படம் எடுக்க, நகல் எடுக்க என்ன விதி என்பதையும் அதிலேயே கேளுங்கள்.