மறு: பெரிய வீட்டு ஒட்டுக்கு ஆளுக்குப் பத்தாயிரம்

எல்லோருக்கும் வணக்கம். பெரிய வீட்டு ஒட்டை, அதாவது செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய மேல்தளத்தை, பழுதுபார்க்க நம் சங்கம் ஆளுக்குப் பத்தாயிரம் கேட்ட மடலுக்கு இது என் பதில்.

துபாய் தம்பி அனுப்பிய படங்களை ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டு ஒழுகுகிறது என்றுதான் எல்லோரும் எழுதுகிறீர்கள். இரண்டாம் கட்டு முற்றத்தில் எட்டுத் தேக்குத் தூண்கள் இருந்த இடத்தில் இப்போது ஏழுதான் நிற்கின்றன. எட்டாவதற்குப் பதில் சவுக்குக் கம்பை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இதைப் பற்றி ஏன் ஒருவரும் கேட்கவில்லை?

சிங்கப்பூர் மாமா கணக்குக் கேட்டது நியாயம். குளத்துப் படித்துறைக்கு நான் கொடுத்ததற்கும் இன்னும் ரசீது வரவில்லை. ஆனால் ரசீது வந்தாலும் இந்த வேலைக்குக் காசு தர மாட்டேன். மேலே சிமெண்ட் தளம் போடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அது வீட்டைக் கொல்லும் வேலை. அந்த ஒட்டு, தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதித்தது. கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரை ஊற்றி ஊற்றி அடித்ததாக அப்பாயி சொல்வார். சுண்ணாம்புச் சுவர் குடித்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. நம் களிமண் பூமியில், ஐப்பசி கார்த்திகையில் தரையிலிருந்து ஏறும் ஈரம் சுவருக்குள்ளேயே தங்கிக் கல்லை மாவாக்கும். முன்கட்டில் சிமெண்ட் பூசிய இடம் என்ன கதியில் இருக்கிறதென்று படத்திலேயே பாருங்கள்.

நான் இருப்பது மலேசியாவில், ஈப்போவில். பெரிய வீட்டு ஐயா நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து, ஈய லம்பம் என்கிற சுரங்கங்களை நடத்திய தவுக்கேக்களுக்கு, அதாவது சீன முதலாளிகளுக்கு, வட்டிக்குப் பணம் கொடுத்துச் சம்பாதித்தது இந்தக் கிந்தா பள்ளத்தாக்கில்தான். லம்பத்தில் இறங்கி உழைத்தவர்கள் பெரும்பாலும் சீனர்கள். அந்த உழைப்புதான் நம்மூர்த் திண்ணையில் தூணாக நிற்கிறது, அதையும் நாம் மறக்கக் கூடாது. 1985 அக்டோபரில் ஈய விலை விழுந்ததும் லம்பங்கள் வரிசையாக மூடின. இப்போது அந்தக் குழிகளெல்லாம் குளங்கள்.

பழைய வீடுகளை இந்த நாட்டில் எப்படிக் காப்பாற்றினார்கள் என்று பாருங்கள். பினாங்கில், பேராக்கின் லாருட் பகுதி ஈயத்தால் பணக்காரரான சீனர் தலைவர் காப்பித்தான் சுங் கெங் குவி கட்டிய மாளிகை இன்று அருங்காட்சியகம். அதே ஊரில் சீன வணிகர் சியோங் ஃபாட் ஸீயின் நீல மாளிகைக்கு, சுண்ணாம்பில் அவுரி கலந்துதான் பூச்சு. கடைசி மகன் இருக்கும்வரை விற்கக் கூடாது என்று அவர் உயில். 1989-இல் அந்த மகன் இறந்த பிறகுதான் கைமாறியது, வாங்கியவர்கள் பழைய முறையிலேயே பழுதுபார்த்தார்கள். 2000-இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. நம் வீட்டுக்கு உயிலும் இல்லை, பங்காளிகள் எத்தனை பேர் என்று அவர்களுக்கே தெரியாது. அவர்கள் எழுதிக் கொடுக்காமல் சங்கம் ஒரு செங்கல்லைத் தொட்டாலும் நாளைக்கு வழக்கு நம் தலையில்தான்.

"அந்த வீட்டால் உனக்கென்ன" என்று மேலத்தெரு அண்ணன் போன மடலில் கேட்டிருந்தார். தாத்தாவுக்குக் கப்பல் சீட்டு எடுத்துக் கொடுத்தது அந்த வீடு. அப்பாயி முப்பது வருஷம் புகைக்குள் நின்றது அந்த அடுக்களையில். வாசல்வழியாக அவரை ஒருநாளும் உள்ளே விட்டதில்லை, கொல்லைவழிதான். அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஆனாலும் 2018 நவம்பரில் கஜா அடித்த ராத்திரி கூரை பறந்த எங்கள் தெரு முழுக்க அந்த இரண்டாம் கட்டில்தான் படுத்தது. அந்தத் தூணில் சாய்ந்துதான் அப்பாயி விடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் வந்து பார்த்துச் சொல்லட்டும். பங்காளிகள் கையெழுத்தும் வரட்டும். என் பங்கோடு தங்கச்சி பங்கையும் சேர்த்து அனுப்புகிறேன். தூண் எந்த வண்டியில் போனதென்று வடக்குத்தெரு அத்தை பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவரிடம் நானே பேசுகிறேன்.

கொல்லைத்தெரு கடைசி வீட்டுப் பேத்தி,
ஈப்போ