பழைய பிக்கப்பில் டிரெய்லர் ஆட்டம், ஏற்றத்தில் கியர்பாக்ஸ் சூடு: என்ன செய்யலாம்?

கேட்டவர் (ஸ்கார்பரோ, கனடா)

வணக்கம். என்னிடம் 2003ஆம் ஆண்டு பிக்கப் இருக்கிறது. வி8 எஞ்சின், நான்கு கியர் ஆட்டோமேட்டிக், 2.4 லட்சம் கிலோமீட்டர் ஓடியது. சென்ற மாதம் 21 அடி கேம்பிங் டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு அல்கான்குவின் பூங்காவுக்குக் கிளம்பினோம். நெடுஞ்சாலை 400இல் ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டியதும் டிரெய்லர் பாம்புபோல நெளியத் தொடங்கியது. பின்சீட்டில் இருந்த மகள் அலறிவிட்டாள். ஹன்ட்ஸ்வில்லைத் தாண்டி, நெடுஞ்சாலை 60இன் ஏற்றங்களில் கியர் மூன்றுக்கும் நான்குக்கும் மாறி மாறி விழுந்தது. வழக்கமாக 190 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிற்கும் கியர்பாக்ஸ் ஆயில் 230ஐத் தொட்டது. ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டோம்.

ஒரு பட்டறையில் காட்டியதற்கு, வண்டிக்கு வயதாகிவிட்டது, புதிது வாங்குங்கள் என்றார்கள். அதற்கு இப்போது வசதி இல்லை. இந்த வண்டியை எனக்கு மிகவும் பிடிக்கும். வழி இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: பிராம்ப்டன் மெக்கானிக்

தம்பி, வண்டியின் மேல் பழி போடுவதற்கு முன் எடையைப் பார்ப்போம். டிரெய்லரில் என்னென்ன, எங்கெங்கே இருந்தன? மொத்த எடை தெரியுமா?

கேட்டவர்

எடைமேடையில் டிரெய்லரை மட்டும் நிறுத்திப் பார்த்தோம் அண்ணா, 4,600 பவுண்ட். 150 லிட்டர் தண்ணீர்த் தொட்டி சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது, அதை நிரப்பியிருந்தேன். பின் பம்பரில் ஸ்டாண்ட் மாட்டி நான்கு சைக்கிள்கள்.

பதில்: பிராம்ப்டன் மெக்கானிக்

ஆட்டத்துக்குக் காரணம் அதுதான். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் பந்தின் மேல், அதாவது பிக்கப்பின் பின்னால் டிரெய்லரைக் கோக்கும் பந்தின் மேல், இறங்க வேண்டும். உங்களுக்கு 460 முதல் 690 பவுண்ட். பின்னால் பாரம் ஏற ஏற முன்பக்கம் லேசாகிவிடும், பிறகு காற்று தள்ளினாலே வால் ஆடும்.

வீட்டிலேயே அளக்கலாம். சமதளத்தில் டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். கனமான மரச்சட்டம் ஒன்றின் ஒரு முனையைச் செங்கல் மேலும், மறுமுனையைக் குளியலறை எடைக்கருவி மேலும் வையுங்கள். இரண்டு முனைகளுக்கும் அடியில் முனைக்கொரு சிறு குழாய்த்துண்டு. குழாய்க்குக் குழாய் மூன்று அடி. டிரெய்லர் முனையைச் செங்கல் பக்கக் குழாயிலிருந்து சரியாக ஒரு அடி தள்ளி இறக்குங்கள். கருவி காட்டுவதில் வெறும் சட்டத்தின் எடையைக் கழித்து மூன்றால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும்.

பதில்: வழக்கமாக முகாம் போகிறவர்

சூட்டைப் பற்றி நான் சொல்கிறேன். நான்காவது கியர் ஓவர்டிரைவ், அதாவது எஞ்சினை மெதுவாகச் சுழலவிட்டு வண்டியை வேகமாக ஓடவைக்கும் கியர். பாரம் இழுக்கும்போது அது அடிக்கடி மாறி விழுந்தால் ஆயில் கொதிக்கும். லீவரை மூன்றில் வைத்துவிடுங்கள், எஞ்சின் சத்தம் கூடினால் பயப்பட வேண்டாம். ஆயிலைத் துணியில் தொட்டுப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. பழுப்பேறித் தீய்ந்த வாடை அடித்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஆயிலை ஆறவைக்கும் தனிக் கூலர் ஒன்றும் பொருத்தினால் இன்னும் நிம்மதி.

ஒரு வேண்டுகோள், உங்கள் பிள்ளைகளை நினைத்துச் சொல்கிறேன். மறுபடி ஆட்டம் வந்தால் கால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பாதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, ஓட்டுநர் பக்கம் இருக்கும் டிரெய்லர் பிரேக்கின் கைவிசையை மட்டும் மெல்ல அழுத்துங்கள். பின்னால் இழுத்துப் பிடித்ததும் வால் நேராகிவிடும். ஒன்டாரியோவில் 1,360 கிலோவோ அதற்கு மேலோ உள்ள டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டி, உங்களுடையது பிடிக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

அளந்துவிட்டேன்! சட்டம் போக 98, மூன்றால் பெருக்கினால் 294 பவுண்ட். ஆறு சதவீதம்தான். இதை வைத்துக்கொண்டா பிள்ளைகளோடு அவ்வளவு தூரம் போனேன் என்று கை நடுங்கியது. தொட்டியைக் காலி செய்து, ஸ்டாண்டைக் கழற்றி, சைக்கிள்களைப் பிக்கப்பின் பின்தட்டில் ஏற்றினேன். இப்போது 176, அதாவது 528.

பதில்: பிராம்ப்டன் மெக்கானிக்

மிக நல்லது. இனி ரிசீவரில், அதாவது பிக்கப்பின் பின்னால் ஹிட்ச்சைச் செருகும் இடத்தில், ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். பழைய பிக்கப்புகளில், எடையைப் பரப்பும் கம்பிகள் உள்ள ஹிட்ச் இல்லாவிட்டால் 500 பவுண்டுதான் தாங்கும் என்று பெரும்பாலும் போட்டிருக்கும். அப்படியிருந்தால் அந்தக் கம்பி ஹிட்ச் வாங்கியே ஆக வேண்டும். சைக்கிள்கள் பிக்கப்புக்கு வந்துவிட்டதால், கதவோரத்தில் எழுதியிருக்கும் பின் அச்சின் வரம்பையும் பாருங்கள். கையோடு கையாக ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். இங்கே சாலையில் கொட்டும் உப்பு இருபது வருடத்தில் எதையும் தின்றுவிடும். ரிசீவர் போல்ட்டுகள், சட்டகம், பின்பக்கம் போகும் பிரேக் குழாய்கள். சட்டகத்தைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும்; குழாய்களைத் தட்டாமல் கண்ணால் மட்டும் பாருங்கள். பொதபொதவென்று கேட்டால் டிரெய்லரைத் தொடாதீர்கள்.

கேட்டவர்

ஸ்டிக்கரில் 500 என்றுதான் இருக்கிறது. கம்பி ஹிட்ச் வாங்கிப் பூட்டினேன். ஆயில் பழுப்பாகத்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். நேற்று மனைவியை மட்டும் அழைத்துக்கொண்டு பாரி வரை மூன்றாவது கியரில், மணிக்கு 90 கிலோமீட்டரில் ஓட்டினேன். ஆயில் சூடு 200 டிகிரியைத் தாண்டவில்லை. இரண்டு லாரிகள் எங்களைக் கடந்தன, டிரெய்லர் அசையவில்லை.

சட்டகம் கணீரென்றது. ஆனால் இடது பக்க ரிசீவர் போல்ட் ஒன்றின் தலை விரல் பட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. பக்கத்துப் பிரேக் குழாயிலும் துருப்பொட்டு. இரண்டையும் மாற்றும் வரை டிரெய்லர் வாசலிலேயே நிற்கும்.

பதில்: பிராம்ப்டன் மெக்கானிக்

போல்ட்டுகளை ஒன்று மட்டும் மாற்றாதீர்கள் தம்பி, இரண்டு பக்கமும் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லுங்கள்.