மாதாவின் முழங்காலருகே தலைகீழாய் ஒரு முகம்

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1641இல் செப்புத்தகட்டில் வரைந்து அச்சிட்ட மேகமாதாவை உங்களில் பலர் அறிவீர்கள். ஆம்ஸ்டர்டாமில் அதன் அச்சு ஒன்றை நேரில் கண்டபோது, மடியில் குழந்தையிருக்க, கைகளைக் கோத்து வானத்தை நோக்கும் அந்தத் தாயின் முகத்தில் சிலுவையடித் துயரம் அப்போதே படிந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. பிறகு கண் கீழே இறங்கியது. முழங்காலருகே, மேகக் கோடுகளுக்கு நடுவே, இன்னொரு முகம் தலைகீழாக இருந்தது. அருகில் நின்றவர் அதைச் சாத்தான் என்று தம் மகளுக்கு விளக்கினார். முதலில் ஒரு முகத்தைத் தொடங்கிவிட்டு, பின்பு தகட்டையே திருப்பி வைத்து வரைந்ததன் மிச்சம் அது என்று தெரிந்தும் நான் பேசாமல் வந்துவிட்டேன். அந்தச் சிறுமி இன்றும் அதைச் சாத்தான் என்றே நம்பிக்கொண்டிருப்பாள்.

—

மிச்சம் என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். செம்பில் விழுந்த கோட்டைச் சுரண்டித் தேய்த்து அழிக்கலாம். ரெம்பிராண்ட் பல தகடுகளில் அப்படிச் செய்தவர். இத்தாலிய ஓவியர் பரோச்சியின் மேகமாதாவை முன்மாதிரியாகக் கொண்டு இவ்வளவு கவனமாக வரைந்தவர், இந்த முகத்தை மட்டும் கவனிக்காமல் விட்டிருப்பாரா? 1654ஆம் ஆண்டின் ‘பூனையும் பாம்பும்’ அச்சில், மாதாவின் தலைக்குப் பின்னாலுள்ள சன்னலே ஒளிவட்டமாவதைக் கண்டு நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன். அவர் எதையும் வீணாக விடுபவரல்லர்.

நீங்கள் மறுபடி செல்வதானால் உருப்பெருக்கி கொண்டுபோங்கள். படத்தின் விளிம்பில் தகடு அழுந்திய பள்ளத்தை முதலில் தேடுங்கள். பிற்கால நகல்கள் பலவற்றில் அது இருக்காது. செம்பு மென்மையானது, ஒவ்வொரு அழுத்தத்திலும் தேயும். ஆகவே ஒரே படத்தின் முந்தைய அச்சையும் பிந்தைய அச்சையும் அருகருகே கேட்டு வாங்கிப் பாருங்கள். நிழல்களின் அடர்த்தி எங்கே குறைந்திருக்கிறது என்று பார்த்தாலே எது முந்தியது என்று விளங்கும்.

—

மேலே உள்ள இருவரின் வழக்கில் நான் நுழையவில்லை. ‘பூனையும் பாம்பும்’ படத்தின் செப்புத்தகடே லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் 15 செ.மீ.கூட இல்லை. அச்சில் பழகிய கண்ணுக்குத் தகட்டில் எல்லாமே இடவலம் மாறித் தெரிந்தது. சன்னலுக்கு வெளியே நிற்கும், மாதாவின் கணவரான சூசையப்பரையும், மாதாவின் காலடியில் நெளியும் பாம்பையும் பழகிய இடத்தில் தேடி ஏமாந்தேன். குழந்தையின் முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்ட அந்தத் தாயை மட்டும் தேட வேண்டியிருக்கவில்லை.