கார் டயருக்குக் காற்றடிக்க எந்தக் கம்ப்ரசர் வாங்கலாம்?

திண்டுக்கல்வாசி:
வணக்கம். என்னிடம் வேகன் ஆர். அம்மாவை அழைத்துக்கொண்டு அடிக்கடி கொடைக்கானல் போவேன். வழியிலுள்ள பங்க்குகளில் காற்று மெஷின் பாதி நாள் ஓடாது. சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்றால், கடையில் ஒன்று 100 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), இன்னொன்று 150 பிஎஸ்ஐ என்கிறார்கள். 150 எடுத்துவிடவா?

பழைய மெக்கானிக்:
தம்பி, அந்த 150-ஐப் பார்த்து மயங்காதீர்கள். கார் டயருக்கு முப்பத்துச் சொச்சம்தான் தேவை. சரியான அளவு டிரைவர் கதவுப் பக்க ஸ்டிக்கரில் இருக்கும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தள்ளுகிறது என்று கேளுங்கள், வேகம் அதில்தான் இருக்கிறது. அப்புறம் ஃப்யூஸ். மெஷினைச் செருகும், காருக்குள் இருக்கும் லைட்டர் சாக்கெட்டுக்கு 15 ஆம்பியர் ஃப்யூஸ் என்றால், 12 வோல்ட்டில் 180 வாட்தான் தாங்கும். அதற்கு மேல் இழுக்கும் மெஷினை பேட்டரியில் நேராகக் கிளிப் போட்டு ஓட்ட வேண்டும். எதுவானாலும் எஞ்சின் ஓடட்டும்.

கோவை டிரைவர்:
ஒயர் பின் சக்கரம் வரை எட்டுமா என்று கடையிலேயே பாருங்கள். வால்வில் மாட்டும் முனை பித்தளையாக இருக்கட்டும். பிளாஸ்டிக் சூட்டில் இளகிவிடும்.

திண்டுக்கல்வாசி:
நன்றி அண்ணா. சார்ஜ் போடும் வகை?

பழைய மெக்கானிக்:
கையடக்கமாக இருக்கும், ஆனால் டிக்கியில் மாதக்கணக்கில் கிடந்தால் சார்ஜ் இறங்கிவிடும். மலைப்பாதைக்கு ஒயர் வகையே எடுங்கள். காற்றை வீட்டிலேயே, காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள். ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.